ஒளிப்படத் தளத்துக்கு ஹோஸ்டிங் தேடிய அனுபவம்

சின்ன ஒளிப்பட ஸ்டுடியோ ஒன்றில் எடிட்டிங் வேலை பார்க்கிறேன். ஆல்பம் வடிவமைப்பது, வாடிக்கையாளர்களுக்குப் படம் அனுப்புவது, இணையதளத்தைக் கவனிப்பது எல்லாம் என் பக்கம்தான் வரும். தளத்தைப் புதிதாக அமைப்பது என்று முடிவானதும் ஹோஸ்டிங், அதாவது தளத்தின் கோப்புகளை வைத்து இணையத்தில் காட்டும் சர்வர் இடம், தேடும் பொறுப்பும் என்னிடமே வந்தது. எந்த நிறுவனத்தின் விளம்பரத்தைப் பார்த்தாலும் ஒரே பேச்சுதான்: இத்தனை ஜிபி இடம், அளவில்லாத பேண்ட்வித், இலவச எஸ்எஸ்எல், 24 மணி நேர சப்போர்ட். நாங்கள் பார்த்துப் பார்த்து நிறம் சரிசெய்த படம் அந்த சர்வருக்குப் போய் என்னவாகி வெளியே வரும் என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

ஸ்டுடியோவை நடத்துபவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். "அன்லிமிடெட்னு போட்டிருக்கே, எல்லா கல்யாணப் படத்தையும் அங்கேயே ஏத்திட்டா என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த முழு அளவு ஜேபெக் ஒன்று சுமார் 10 எம்பி வரும். ஒரு திருமணத்துக்கு 800 படம் கொடுத்தால் அதுவே 8 ஜிபி. ஆனால் தளத்தில் காட்டப்போவது எங்கள் வேலையிலேயே சிறந்தது என்று நாங்கள் நினைக்கிற சில படங்களை மட்டும்தான். நீளப் பக்கம் 2,000 பிக்சல் அளவில் ஏற்றுமதி செய்தால் ஒரு படம் 400 கேபிக்குள் அடங்கும். 150 படம் வைத்தாலும் 60 எம்பிதான். ஆக, போர்ட்ஃபோலியோவுக்கு ஒரு வீடு, வாடிக்கையாளர் படம் இறக்கிக்கொள்ள வேறொரு சேவை என்று இரண்டையும் பிரித்துவிட்டோம். இந்தப் பிரிவினை முடிந்ததுமே பாதிக் குழப்பம் தீர்ந்தது. இடம் எத்தனை ஜிபி என்பது எங்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லாமல் போனது.

அன்லிமிடெட் என்ற சொல்லுக்கு வருகிறேன். அப்படி விற்கப்படும் ஷேர்டு ஹோஸ்டிங் (ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்வது) திட்டங்கள் பலவற்றில் ஐநோட் வரம்பு என்று ஒன்று இருக்கும். எத்தனை ஜிபி என்பதைப் பார்க்காமல், எத்தனை கோப்புகள் என்று எண்ணும் வரம்பு அது. தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் பெரிய படம் ஒன்றை ஏற்றினால் அது ஒரு கோப்பாக நிற்காது. மூலப் படம் ஒன்று, 2,560 பிக்சலுக்குச் சுருக்கியது ஒன்று, அப்புறம் 2,048, 1,536, 1,024, 768, 300, 150 என்று வரிசையாகச் சிறிய பிரதிகள். மொத்தம் எட்டு. தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீம் தன் பங்குக்கு இன்னும் சிலவற்றைச் சேர்க்கும். ஆயிரம் படம் ஏற்றினால் எட்டாயிரம் கோப்புக்கு மேல் போய்விடும். ஜிபி கணக்கில் பாதிகூட நிரம்பாத தளம் இந்த வரம்பில் முட்டி நிற்க வாய்ப்பு உண்டு. தவிர, ஹோஸ்டிங் இடத்தை வெறும் சேமிப்பறையாகப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையும் விதிமுறைகளில் பல இடங்களில் இருக்கிறது. அண்ணனிடம் அந்தப் பத்தியைக் காட்டியதும் எல்லாப் படத்தையும் அங்கே ஏற்றும் பேச்சை விட்டுவிட்டார்.

சர்வரின் நினைவகமும் ஒளிப்படக்காரரைத் தனியாகப் பாதிக்கிற விஷயம். 6,000 × 4,000 பிக்சல் படத்தை அளவு மாற்ற வேண்டுமானால் சர்வர் முதலில் அதை முழுதாக விரிக்க வேண்டும். 2.4 கோடி பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 4 பைட் என்றால் அந்த ஒரு படத்துக்கே 96 எம்பி ஆகிறது. வேர்ட்பிரஸ் இயங்கும் பிஎச்பி என்ற நிரல்மொழியின் இயல்பான நினைவக வரம்பு 128 எம்பி. தளத்தின் மற்ற வேலைகளும் அதற்குள்ளேயே நடந்தாக வேண்டும். படம் ஏறுவதுபோல் ஏறிப் பாதியில் நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வரம்பை உயர்த்தித் தருவார்களா என்று நிறுவனத்திடம் கேட்கலாம். என் கருத்து, நம் கணினியிலேயே அளவைக் குறைத்து ஏற்றுவதுதான் நல்லது. 2,048 பிக்சல் படத்தை விரித்தால் 11 எம்பி சொச்சம்தான் ஆகும். எந்த சர்வருக்கும் அது சுமையே இல்லை. கூர்மையை எவ்வளவு கூட்டுவது என்ற முடிவும் நம் கையிலேயே இருக்கும்.

நான் அதிக நேரம் செலவிட்டது நிறத்தில். புதிய லேபுக்கு ஆல்பம் கொடுக்கும் முன் டெஸ்ட் பிரிண்ட் போட்டுப் பார்ப்பதில்லையா, அதையே இங்கேயும் செய்தேன். பணம் திருப்பித் தரும் காலக்கெடு உள்ள நிறுவனங்களாகத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே படங்களை ஏற்றினேன். முகத்தை நெருங்கி எடுத்த ஒன்று, சாம்பல் நிறத் திரை மெல்ல இருட்டுக்குள் மங்கும் ஸ்டுடியோ படம் ஒன்று, நுண்ணிய இழைகள் தெரியும் துணி, இரவு விளக்குகள். ஏற்றிய படத்தைத் தளத்திலிருந்து திரும்ப இறக்கி, நிறம் சரியாகக் காட்டும்படி காலிபரேட் செய்த மானிட்டரில் மூலத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

வித்தியாசம் தெரிந்தது. காரணங்களைத் தேடிப் போனபோது மூன்று கிடைத்தன. சர்வரில் படத்தை அளவு மாற்றும் மென்பொருள் எது என்பது ஒன்று. இமேஜிக் இருந்தால் வேர்ட்பிரஸ் அதைப் பயன்படுத்தும், இல்லையென்றால் ஜிடி. நிறங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லும், படத்தோடு வரும் கலர் புரொஃபைலை இமேஜிக் தக்கவைக்கிறது, ஜிடி கழற்றிவிடுகிறது. அதிக நிறங்களை அடக்கும் அடோபி ஆர்ஜிபி என்ற நிற அளவில் ஏற்றுமதி செய்த படம் அப்படி புரொஃபைலை இழந்தால், உலாவி அதை இணையத்தின் பொதுவான நிற அளவான எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளும். முகத்தில் உயிர் போய் வெளிறித் தெரியும். எஸ்ஆர்ஜிபியில் ஏற்றுமதி செய்வது எங்கள் வழக்கம், அதனால் இந்த ஆபத்து எங்களுக்குக் குறைவு. இருந்தாலும் இமேஜிக் இருப்பதை நிபந்தனையாகவே வைத்துக்கொண்டேன். இரண்டாவது, வேர்ட்பிரஸ் உருவாக்கும் பிரதிகளின் ஜேபெக் தரம் இயல்பாக 82. பெரும்பாலான படங்களுக்கு இது போதும். சாம்பல் திரை போன்ற மென்மையான நிறமாற்றங்களில்தான் பட்டை பட்டையாகக் கோடு விழ ஆரம்பிக்கிறது. ஒரு வரி நிரலில் இந்த அளவை உயர்த்திவிடலாம்.

மூன்றாவதுதான் என்னை மிகவும் உறுத்தியது. தானியங்கிப் பட மேம்பாடு என்ற பெயரில் சில நிறுவனங்களும் சிடிஎன் சேவைகளும் (தளத்தின் பிரதிகளைப் பல இடங்களில் வைத்துப் பக்கத்திலிருந்து அனுப்புபவை) நம் படத்தை மறுபடி அழுத்துகின்றன. தளம் வேகமாகிறது, மறுக்கவில்லை. ஆனால் துணியின் இழை மழுங்குகிறது. படத்துக்குள் நாம் பதித்திருக்கும் காப்புரிமைத் தகவலும் சில சமயம் சேர்ந்தே அழிந்துவிடுகிறது. நான் சோதித்தவற்றில் வேகத்தில் முன்னால் நின்ற ஒரு நிறுவனம், நாங்கள் பார்த்த திட்டத்தில் இதை நிறுத்தவே வழி கொடுக்கவில்லை. அதை விட்டுவிட்டோம். பொதுவான சின்ன நிறுவனம் ஒன்றின் தளமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுக்கச் சொல்லியிருப்பேன். படமே தொழில் என்று இருப்பவர்களுக்கு, தன் படத்தைத் தன் அனுமதி இல்லாமல் மாற்றும் இடம் ஒத்துவராது.

வேகத்தைப் பொறுத்தவரை தூரம் ஒரு பெரிய காரணம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சர்வர் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர மட்டும் 100 மில்லி நொடி. இணைப்பைத் திறந்து, பாதுகாப்பு உறுதிசெய்து, பக்கத்தைக் கேட்டு வாங்குவதற்குள் வழக்கமாக இப்படி மூன்று முறை போய்வர வேண்டியிருக்கும். அதனால் வாடிக்கையாளர்கள் அதிகம் இருக்கும் பகுதிக்குப் பக்கத்தில் தரவு மையம் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தின் முக்கியமான உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் திரையில் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். ஒளிப்படத் தளத்தில் அந்த முக்கியமான உள்ளடக்கம் அநேகமாக முகப்பில் இருக்கும் பெரிய படம்தான். இன்னொன்று: கீழே உள்ள படங்களுக்கு, பார்ப்பவர் அந்த இடத்தை நெருங்கும்போதுதான் படத்தை இறக்கும் லேசி லோடிங் வைக்கலாம், முதல் படத்துக்கு மட்டும் வேண்டாம்.

99.9 சதவீத அப்டைம், அதாவது தளம் இயங்கும் நேரம், என்றால் மாதத்தில் 43 நிமிடம் வரை தளம் நின்றிருக்கலாம் என்று பொருள். சின்ன ஸ்டுடியோவுக்கு அது தாங்கக்கூடியதே. முதல் வருடக் கட்டணத்துக்கும் ரினியூவல் கட்டணத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துவிட்டு, இரண்டாம் வருடக் கட்டணங்களை மட்டும் வைத்து ஒப்பிட்டேன்.

சப்போர்ட்டைச் சோதிக்க, பணம் கட்டும் முன்பே எல்லோருக்கும் ஒரே கேள்விகளை அனுப்பினேன். ஐநோட் வரம்பு எவ்வளவு, இமேஜிக் உண்டா, பேக்கப்பை நானே இறக்கிக்கொள்ள முடியுமா? சிலர் உதவிப் பக்கத்தின் இணைப்பை அனுப்பி நிறுத்திக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் எண்களை நேராகச் சொல்லிவிட்டு, "முழு அளவு படங்களை இங்கே சேமித்து வைக்கும் எண்ணம் இருந்தால் எங்கள் திட்டம் உங்களுக்குச் சரிவராது" என்றும் எழுதியிருந்தார். கடைசியில் நாங்கள் போனது அங்கேதான். விற்கும் முன் இல்லை என்று சொல்லத் தெரிந்தவர், பிரச்சினை வரும்போதும் நேராகப் பேசுவார் என்று எனக்குத் தோன்றியது. இதுவரை அப்படித்தான் இருக்கிறது.

பேக்கப் தினமும் நாங்களே எடுக்கிறோம் என்று பல நிறுவனங்கள் சொல்லும். அது எங்கே இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்தபோது, ஒரு கட்டடம் முழுதாக எரிந்தது. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தவர்களில் சிலருக்கு இரண்டுமே போயிற்று. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 விதியைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற ஒளிப்படக் கலைஞர். ரா ஃபைல்களுக்கு (கேமரா பதிவுசெய்யும் மூலக் கோப்புகள்) ஸ்டுடியோக்கள் பின்பற்றும் அந்த விதியைத் தளத்துக்கும் வைத்துக்கொண்டோம்.

மின்னஞ்சலை ஹோஸ்டிங்கோடு சேர்க்காமல் தனியாக வைத்தோம். விசாரணைப் படிவத்தில் ஒருவர் தேதி கேட்டு எழுதியது ஸ்பேமில் போய் விழுந்தால் ஒரு வேலையே கைவிட்டுப் போகும். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயிலுக்கு அனுப்புபவர் எவராயினும் அனுப்புநர் போலி இல்லை என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் அமைப்பு இருந்தாக வேண்டும். படிவத்திலிருந்து வரும் மின்னஞ்சலும் இவற்றைத் தாண்டி வருகிறதா என்று அனுப்பிப் பார்ப்பது அவசியம்.

டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, ஸ்டுடியோவின் பெயரிலேயே, ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இல்லாமல் வேறு பதிவாளரிடம் இருக்கிறது. கடவுச்சொல் அண்ணனிடமும் உண்டு, என்னிடமும் உண்டு. தளம் அமைத்துக் கொடுப்பவர் பெயரில் டொமைனைப் பதிந்துவிட்டு, பிறகு அவரைத் தேடி அலையும் ஒளிப்படக்காரர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். பணம் கட்டிய வாரத்திலேயே தளத்தின் பேக்கப்பை எடுத்து, என் கணினியில் நிறுவிய வேர்ட்பிரஸில் விரித்துப் பார்த்தேன். படங்களும் பக்கங்களும் முழுதாக வந்தன. ரினியூவல் தேதிக்கு முன்னதாக அதே டெஸ்ட் படங்களை மறுபடி ஏற்றி இறக்கிப் பார்க்க நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். நிறம் மாறியிருந்தால் வேறு இடம் தேட அந்த அவகாசம் போதும்.