ஹோர்ட்டன் சமவெளி: பனிமூட்டம் ஏறும் முன் நடந்துவிடுங்கள்

இலங்கை மலைநாட்டின் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய்விட்டு, ‘உலக முடிவு’ எனப்படும் செங்குத்துப் பாறை விளிம்பில் வெறும் வெள்ளைதான் தெரிந்தது என்று சலித்துக்கொள்பவர்களில் பெரும்பாலானோர் நுவரெலியாவில் சாவகாசமாகக் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பியவர்கள். சமவெளியின் தெற்கு விளிம்பு அங்கே ஏறத்தாழ 870 மீட்டர் செங்குத்தாக இறங்குகிறது. வெயில் ஏற ஏறக் கீழே பள்ளத்தாக்கில் உள்ள ஈரக்காற்று சூடாகிச் சரிவோடு மேலே வரும். 2,100 மீட்டர் உயரத்தின் குளிர் பட்டதும் மூட்டமாகத் திரளும். ஒன்பதரை, பத்து மணிக்கு மேல் அங்கே நிற்பது அதிர்ஷ்டத்தை நம்பி நிற்பதுதான்.

ஆகவே கணக்கைப் பின்னிருந்து போடுங்கள். நுழைவாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும். நுவரெலியாவிலிருந்து 32 கிலோமீட்டர். மலைப்பாதை என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐந்து மணிக்கு முன்பே வாகனம் கிளம்பியிருக்க வேண்டும். ஒஹிய ரயில் நிலையத்திலிருந்து நடந்து வர நினைப்பவர்களுக்கு 11 கிலோமீட்டர் ஏற்றம் காத்திருக்கிறது. அதையும் நடந்து, சுற்றுப்பாதையையும் நடப்பது எல்லோருக்கும் ஆகாது. மூட்டம் ஏறும் முன் உலக முடிவைப் பார்க்கவும் முடியாது.

சுற்றுப்பாதை பார்வையாளர் மையமான ஃபார் இன் கட்டடத்தருகே தொடங்கி அங்கேயே முடிகிறது. சுமார் 9 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். பாதை பிரியும் இடத்தில், இன்னொரு சிறிய செங்குத்துச் சரிவான ‘சின்ன உலக முடிவு’ப் பக்கம் திரும்புங்கள். அதைத் தாண்டி உலக முடிவு. பேக்கர் நீர்வீழ்ச்சி கடைசியில். அருவிக்கு மூட்டம் ஒரு பொருட்டல்ல, எந்நேரமும் பார்க்கலாம். அங்கு இறங்கும் படிகள் ஈரமாகவே கிடக்கும். வழுக்காத அடி உள்ள சப்பாத்து இல்லாதவர்கள் அங்கேதான் விழுவார்கள். தண்ணீரில் இறங்கவே கூடாது.

ஒன்றரை லீட்டர் தண்ணீர் போதும். வாயிலில் பொலித்தீன் உறைகளை வாங்கிவிடுவார்கள், போத்தலின் லேபிளைக்கூடக் கிழித்தெடுப்பார்கள். ரொட்டியை வாழையிலையில் சுற்றியோ டப்பாவில் போட்டோ கொண்டுபோனால் அந்த வரிசையில் நேரம் வீணாகாது. ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்மேல் உறைபனி படியும், எட்டு மணிக்கே வெயிலில் தோல் கருகும். ஒரே தடித்த குளிராடையைவிட மெல்லியதாக இரண்டு போட்டுக்கொண்டு ஒன்றைக் கழற்றுவது வசதி.

இனி விலங்குகள். 1988இல் தேசியப் பூங்காவான இந்த இடம் 3,160 ஹெக்டேர்தான். ஆனாலும் இங்கே சிறுத்தை உண்டு, பார்ப்பதுதான் அபூர்வம். பாதை நடுவே மரையின் (கடமான்) மயிர் கலந்த எச்சம் கிடந்தால் சிறுத்தை போன வழி அதுவென்று அறியலாம். புல்வெளியில் மரை ஒன்று குறுகிய, உரத்த கத்தலைத் திரும்பத் திரும்ப எழுப்பி ஒரே திசையை வெறித்துப் பார்த்தால், நீங்களும் அந்தத் திசையைப் பாருங்கள், சிறுத்தை அங்கே இருக்கலாம். சிறுத்தை நேருக்கு நேர் வந்துவிட்டால் ஓடாதீர்கள், முதுகு காட்டாதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள்.

மரைகளைக் காண நடக்கவே வேண்டாம். ஃபார் இன் வாகனத் தரிப்பிடத்திலேயே சில மரைகள் கைநீட்டுபவர்களிடம் வந்து நிற்கும். இது அழகு அல்ல, கெடுதி. தின்பண்டத்தோடு உறையையும் விழுங்கும். கொம்புள்ள கிடா பசியோடு நெருங்கினால் குத்தும் வாங்கலாம். மேய்வதை நிறுத்தித் தலை நிமிர்ந்து முன்காலைத் தரையில் தட்டினால் நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள்.

என்னைக் கேட்டால், இங்கே தேட வேண்டியது இலங்கைக்கு மட்டுமே உரிய சிறு உயிர்களைத்தான். பாசி படிந்த அடிமரங்களை நெஞ்சுயரத்தில் நிதானமாகப் பாருங்கள்: மூக்கின்மேல் வெள்ளைக் கொம்பு நீட்டிய ஓணான் அசையாமல் ஒட்டியிருக்கும். ஆணுக்குக் கொம்பு நீளம். மர உச்சியில் கரடிபோல் அடர்ந்த மயிருள்ள மந்திகள், விடியலில் அவற்றின் ஆண் குரைப்பது தூரத்துக்குக் கேட்கும். இங்குள்ள தேவாங்கு இரவில்தான் நடமாடும் என்பதால் பகல் நடையில் கண்ணில் படாது.

பாதை ஓரத்தில் மஞ்சள் பூவோடு நிற்கும் முட்புதரை இந்த மலையின் செடி என்று எண்ணிவிடாதீர்கள். ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய களை அது. முள் சட்டையைப் பிடித்து இழுக்கும்.