சைனும் நேர்மாறு சைனும் எப்போது அடிபடும்?

பிளஸ் டூ கணித விடைத்தாள்களில் நேர்மாறு முக்கோணவியல் பகுதியைத் திருத்தும்போது அடிக்கடி கண்ணில் படும் தவறு இது. நேர்மாறு சைன் (சைன் 5பை/6) என்ன என்று கேட்டால், சைனையும் நேர்மாறு சைனையும் அடித்துவிட்டு 5பை/6 என்று எழுதியிருக்கும். சரியான விடை பை/6. சைன் 5பை/6 என்பது 1/2. அந்த 1/2-க்கு நேர்மாறு சைன் திருப்பித் தரும் கோணம் −பை/2 முதல் பை/2 வரைக்குள்தான் இருக்க வேண்டும்.

ஏன் அந்த எல்லை என்று சொல்லாமல் அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்வதில்தான் கோளாறு. −2பை முதல் 2பை வரை சைன் வளைவரையைக் கரும்பலகையில் வரைந்து, 1/2 உயரத்தில் ஒரு படுக்கைக்கோடு இழுத்தால் நான்கு இடங்களில் வெட்டும். ஒரு மதிப்புக்கு நான்கு கோணங்கள் கிடைத்தால் நேர்மாறு சார்பாகவே இருக்காது. அதனால் ஒரு மதிப்புக்கு ஒரே கோணம் என ஒன்றுக்கொன்றாக இருக்கும் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அதே துண்டு காஸுக்கு ஏன் உதவாது என்று மாணவர்களையே கேட்கலாம். அங்கே காஸ் குறை (மைனஸ்) மதிப்பைத் தொடுவதே இல்லை. 1-ஐத் தவிர மற்ற மதிப்புகள் எல்லாம் இரண்டு முறை வருகின்றன. ஆகவே 0 முதல் பை வரை. டேனுக்கு சைனின் துண்டேதான், இரு முனைகளும் நீங்கலாக.

சார்பகம், அதாவது எக்ஸுக்குப் போடக்கூடிய மதிப்புகள், காண்பதில் சறுக்கும் இடம் வேறு. நேர்மாறு சைன் (எக்ஸ்² − 3) என்றால் அடைப்புக்குள் இருப்பது −1 முதல் 1 வரை இருக்க வேண்டும் என்பதால் 2 ≤ எக்ஸ்² ≤ 4 வரை பெரும்பாலும் சரியாக வந்துவிடும். பிறகு [√2, 2] என்று முடித்துவிடுவார்கள். [−2, −√2] காணாமல் போகும். எக்ஸுக்கு −1.5 போட்டுப் பார்த்தால் −0.75 வருகிறது, தாராளமாக உள்ளே.

கூட்டல் சூத்திரத்திலும் இதே அவசரம்தான். நேர்மாறு டேன் 2, நேர்மாறு டேன் 3 இரண்டையும் கூட்ட, (2 + 3)/(1 − 2×3) = −1 என்று கண்டு, அதன் நேர்மாறு டேனான −பை/4 என்று எழுதுகிறார்கள். இரண்டு மிகைக் கோணங்களின் கூடுதல் எப்படிக் குறையாகும்? 2, 3 இரண்டின் பெருக்கற்பலன் 6, அதாவது 1-ஐ விடப் பெரியது; அப்போது கூடுதல் பை/2-ஐத் தாண்டிவிடும். பை சேர்த்து 3பை/4 என்று எழுத வேண்டும்.

கால்குலேட்டரை நம்பியும் ஏமாறலாம். நேர்மாறு காஸ் (காஸ் 5) கணக்கில் 5 என்பது ரேடியன், பையைத் தாண்டியது. விடை 2பை − 5, ஏறக்குறைய 1.283. கருவி பாகை நிலையில் இருந்தால் 5 என்றே காட்டும், ஏனெனில் 5 பாகை 0-க்கும் 180-க்கும் இடையில்தான் இருக்கிறது. காஸையும் நேர்மாறு காஸையும் அடித்தது சரிதான் என்று மாணவர் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்.