திருவிடந்தைக்குத் திரும்பிப் போன மாலை

மாலையை மஞ்சள் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். மாலை என்று சொல்வது பழக்கத்தால்தான். பூவெல்லாம் எப்போதோ பொடிந்து உதிர்ந்துவிட்டது. நாரும் இடையிடையே சுற்றிய ஜரிகையும்தான் மிச்சம். 2019 ஆவணியில் என் மகள் கழுத்தில் விழுந்த மாலை அது. 2025 தை மாதம் அதைப் பெருமாளிடம் திருப்பிக் கொடுக்கப் போனோம். முன் இருக்கையில் மாப்பிள்ளை, பின்னால் நானும் மகளும்.

தாம்பரத்திலிருந்து வண்டலூர் – கேளம்பாக்கம் சாலை. கேளம்பாக்கம் தாண்டி கோவளத்துக்குத் திரும்பினால் இருபுறமும் உப்பளம், காயல், தண்ணீரில் ஒற்றைக்காலில் நிற்கும் பறவைகள். கோவளத்தைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் திருவிடந்தை. இந்த வழி எனக்கு மனப்பாடம். இதே வழியில் பேருந்திலும் ஷேர் ஆட்டோவிலும் தனியாக எத்தனையோ முறை வந்திருக்கிறேன்.

நித்யகல்யாணப் பெருமாள் கோயில் நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. காலவ ரிஷிக்கு முந்நூற்று அறுபது பெண்கள். பெருமாள் பிரம்மச்சாரியாக வந்து, நாளுக்கு ஒருத்தியாக அத்தனை பேரையும் மணந்துகொண்டார். கடைசி நாளில் எல்லாரையும் ஒருத்தியாக்கித் தன் இடப்பக்கம் வைத்துக்கொண்டார். திருவை இடப்பக்கம் வைத்த எந்தை என்பதால் ஊர் திருவிடவெந்தை; பேச்சில் திருவிடந்தை. மூலவர் ஆதிவராகர், தாயாரை இடது மடியில் தாங்கி நிற்கிறார். உற்சவருக்குத் தாடையில் இயற்கையாகவே ஒரு திருஷ்டிப் பொட்டு உண்டு.

கல்யாணம் ஆகாதவர்கள் இங்கே மாலையோடு வந்து அர்ச்சனை செய்வார்கள். பட்டர் கொடுக்கும் மாலையைப் போட்டுக்கொண்டு ஒன்பது முறை வலம் வந்து, அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும். கல்யாணம் முடிந்ததும் தம்பதியாக, அந்தப் பழைய மாலையோடு வர வேண்டும். தம்பதியாக என்பதில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

மகள் ஒன்பது சுற்று சுற்றி ஆறே மாதத்தில் வரன் அமைந்தது. பையன் அமெரிக்காவில், டல்லாஸ் பக்கம் வேலை. 2020 வைகாசியில் முகூர்த்தம் குறித்தோம். கொரோனா வந்தது, விமானம் நின்றது. தள்ளித் தள்ளி 2022 தை மாதம் நூறு பேரோடு கல்யாணம் நடந்தது. இதற்கு இடையில், 2021-ல், மாப்பிள்ளைக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது. இனிப்பு வாங்கிக் கொண்டாடினோம். அது வருவதற்கு முன் தாலி ஏறியிருந்தால், மனைவி என்ற முறையில் இவளுக்கும் அவரோடு சேர்த்தே கிடைத்திருக்கும் என்பது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. கார்டு வந்தபின் கல்யாணம் என்றால் புதிதாக மனு போட்டு வரிசையில் நிற்க வேண்டும்.

2022 பிப்ரவரி 9 அன்று மனு பதிவானது. அந்தத் தேதிதான் இன்றுவரை எங்கள் வீட்டின் நாள்காட்டி. அப்போது இந்தப் பிரிவில் வரிசையே இல்லை. ‘கரண்ட்’ என்று போட்டிருந்தார்கள். ஒன்றரை வருடம், மிஞ்சினால் இரண்டு என்று எல்லாரும் சொன்னார்கள். மகள் பள்ளி ஆசிரியை வேலையை விட்டாள். பெட்டி வாங்கினோம். எந்தத் தேதிவரை மனு போட்டவர்களுக்கு விசா என்று அமெரிக்க அரசு மாதாமாதம் ஒரு பட்டியல் வெளியிடும்; அதுதான் விசா புல்லட்டின். பிறகு 2023 ஏப்ரலுக்கான புல்லட்டின் வந்தது. 2019 ஜூலையிலிருந்து திறந்தே கிடந்த கதவு அந்த மாதம் சாத்திக்கொண்டது. 2020 செப்டம்பர் 8-க்கு முன் மனு போட்டவர்களுக்கு மட்டும்தான் விசா என்று தேதி வைத்துவிட்டார்கள். நாங்கள் வரிசையில் முன்னால் நிற்பதாக நினைத்திருந்தோம். ஒரே நாளில் ஒன்றரை வருடம் பின்னால் போனோம்.

காரணம் எண்ணிக்கைதான். கிரீன் கார்டுக்காரர்களின் கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு எல்லா நாட்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1,14,200 விசா என்று சட்டம் வைத்திருக்கிறது. மனு கூடினால் தேதி நிற்கும், சில சமயம் பின்னாலும் போகும். அமெரிக்கக் குடிமகனின் மனைவி என்றால் இந்த வரம்பு கிடையாது. ஆனால் கிரீன் கார்டு கிடைத்து ஐந்து வருடம் ஆனால்தான் மாப்பிள்ளை குடியுரிமை கேட்க முடியும். சுற்றுலா விசாவிலாவது போய்ப் பார்த்து வரட்டும் என்று விண்ணப்பித்தோம். மறுத்துவிட்டார்கள். குடியேற மனு போட்டிருக்கும் பெண் திரும்பி வந்துவிடுவாள் என்று அவர்களை நம்பவைப்பது கஷ்டம். மாப்பிள்ளையும் வேலையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் இங்கே வந்து உட்கார முடியாது; கிரீன் கார்டுக்கே ஆபத்து. இதெல்லாம் யாருடைய தவறும் இல்லை. அதனாலேயே யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் தவித்தேன்.

மாலை மட்டும் பூஜை அலமாரியில் இருந்தது. கல்யாணம் முடிந்ததும் போயிருக்க வேண்டும். அந்த ஜனவரியில் ஒமைக்ரான். வெள்ளி, சனி, ஞாயிறு கோயில்கள் மூடியிருந்தன. மீதி நாட்கள் திருநெல்வேலியில் மாப்பிள்ளை வீட்டிலும் திருமணப் பதிவுக்கும் போய்விட்டன. அடுத்த வருடம் அவர் வந்தபோது அவருடைய தாத்தா தவறிவிட்டார், தீட்டு. அதற்கடுத்த வருடம் அவரால் வரவே முடியவில்லை.

2023-ல் ஒரு விசேஷ வீட்டில் நெருங்கிய உறவு ஒருவர் என்னிடம் சொன்னார்: “மாலையைத் திருப்பிக் கொடுக்கல இல்ல, அதான் தடை.” சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. வாஷிங்டனில் யாரோ ஒருவர் போடும் தேதிக்கும் என் அலமாரியில் இருக்கும் மாலைக்கும் சம்பந்தம் இல்லை என்று அறிவுக்குத் தெரிகிறது. பெற்ற வயிறு கேட்கவில்லை.

புரட்டாசியில் ஒரு வார நாளில், மகளிடம்கூடச் சொல்லாமல், தனியாகத் திருவிடந்தைக்குப் போனேன். கூட்டம் இல்லை. மாலையை எடுத்துப் போகவில்லை, தைரியம் வரவில்லை. சந்நிதியில் வயதான பட்டர் சுவாமி இருந்தார். தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னேன். “அபசாரம் ஆயிடுச்சா சுவாமி?” என்று கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “பெருமாள் கணக்குப் பார்க்கிறவர் இல்லைம்மா. மாப்பிள்ளை எப்ப வராரோ அப்ப ரெண்டு பேரையும் கூட்டிண்டு வாங்கோ. மாலை அதுவரைக்கும் உங்காத்துல இருக்கட்டும், அதுவும் அவர் இருக்கிறாப்பலதான்” என்றார். அதோடு விடவில்லை. “இந்தப் பெருமாளைப் பார்த்துத் திருமங்கையாழ்வார் என்ன பாடினார் தெரியுமா? ஒரு பொண்ணோட அம்மாவா மாறி நின்னு பாடினார்” என்று சொல்லி, பாசுரத்தை மெதுவாகச் சொன்னார்.

பெரிய திருமொழியில் இந்தத் தலத்துக்குப் பத்துப் பாசுரம். ஒன்பதும் ஒரே கேள்வியில் முடிகின்றன: ‘உன் மனத்தால் என் நினைந்திருந்தாய், இடவெந்தை எந்தை பிரானே.’ என் பெண் இப்படி இருக்கிறாளே, இவளைப் பற்றி உன் மனதில் என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய்? தாய் கேட்கிறாள். இரண்டாம் பாசுரத்தில் பெண்ணின் நிலையைச் சொல்கிறாள்: தோழிகளைப் பார்த்துச் சிரிப்பதில்லை, கண்ணுக்கு மை எழுதுவதில்லை, கூந்தலில் பூ வைப்பதில்லை.

நான் அப்படியே நின்றுவிட்டேன். என் மகள் பூ வைத்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. தோழிகள் கல்யாணம், சீமந்தம் எதற்கும் போகமாட்டாள். “இன்னும் கிளம்பலையா?” என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற பயம். ஆயிரம் வருடத்துக்கும் முன்னால் ஓர் ஆழ்வார் என் வீட்டுக்குள் வந்து பார்த்தது போல இருந்தது.

அந்தத் தாய் மன்னிப்புக் கேட்கவில்லை. பரிகாரம் செய்கிறேன் என்று பேரம் பேசவில்லை. நேராக நின்று, என்ன நினைத்திருக்கிறாய் என்று கேட்கிறாள். ஒன்பது முறை கேட்கிறாள். பதில் வந்ததாகப் பாசுரத்தில் இல்லை. ஆனாலும் கேட்கிறாள். அதுவரை கோயிலில் நான் கேட்டதெல்லாம் ‘என்ன தப்புப் பண்ணினேன்’ என்பதுதான். அன்று முதல்முறையாகச் சந்நிதியில் நின்று, உரிமையோடு, இந்தப் பாசுர வரியைச் சொல்லிக் கேட்டேன். திரும்பி வரும்போது உப்பளத்துக் காற்று முகத்தில் அடித்தது, பசித்தது. நெடுநாளைக்குப் பிறகு வந்த பசி.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூ வைக்காத பெண்ணைப் பற்றிச் சொன்னபோது, “அவளும் புல்லட்டின் பார்த்துக்கிட்டு இருந்தாளோ என்னவோ” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான்.

பிறகு வீட்டில் சில விஷயங்கள் மாறின. தினமும் கைபேசியில் மனுவின் நிலையைப் பார்ப்பதை விட்டாள். புல்லட்டின் மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று முடிவெடுத்தோம். பார்த்த அன்று என்ன தேதி இருந்தாலும் அன்று மாலை பெருமாளுக்கு விளக்கேற்றி அந்த ஒன்பது பாசுரமும் சொல்வோம், பத்தாவதையும் சேர்த்து. 2024 ஜூனில் அவள் மறுபடி பள்ளிக்குப் போனாள். விசா வந்தால் விட வேண்டியிருக்குமே என்று முதலில் தயங்கினாள். வந்தால் விடட்டும். கல்யாணமானவுடன் வேலையை விடச் சொன்னதில் எனக்கும் பங்கு உண்டு. இப்படிக் காத்திருக்கும் வீடுகளில் பெண்ணை அப்படி விடவைக்காதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

காலை ஏழு மணிக்கு இவள் இட்லி சாப்பிடும்போது அங்கே முந்தைய நாள் இரவு. மாப்பிள்ளை சப்பாத்தி சாப்பிடுவார். கைபேசியை டம்ளரில் சாய்த்து வைத்து இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். மூன்று வருடமாக இதுதான் அவர்கள் குடித்தனம். நான் அந்த நேரத்தில் அடுக்களையை விட்டு வெளியே வரமாட்டேன்.

தேதி நகரவும் செய்தது. 2024 அக்டோபரில் 2022 ஜனவரி 1-க்கு வந்தது. எங்களுக்கு இன்னும் நாற்பது நாள்தான் பாக்கி! நவம்பரில் அதே தேதி. டிசம்பரிலும் அதே. ஜனவரியிலும் அதே. வாசல்வரை வந்து நிற்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. மாப்பிள்ளை பொங்கலுக்குப் பதினெட்டு நாள் விடுமுறையில் வந்தார். “விசா வந்ததும் போய்ச் சேர்த்து நன்றி சொல்லலாமே அத்தை” என்றார். மகள்தான் சொன்னாள், “மாலை கல்யாணத்துக்காக வேண்டிக்கிட்டது. கல்யாணம் ஆயிடுச்சு. விசாவுக்காக அதை வீட்ல வச்சுக்க வேண்டாம்.”

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கோயிலில் நல்ல கூட்டம். புது மாலை போட்டுக்கொண்டு எண்ணிக்கையை விரலில் மடக்கியபடி வேகவேகமாகச் சுற்றும் பிள்ளைகள், பக்கத்திலேயே ஓடும் அம்மாக்கள். அவர்களுக்கு நடுவே என் மகளும் மாப்பிள்ளையும் பழைய மாலையின் நாரைக் கையில் ஏந்திக்கொண்டு மெதுவாக வலம் வந்தார்கள். அவசரமே இல்லை அவர்களுக்கு. பின்பக்கம் பழைய மாலைகள் விடும் இடத்தில் இருவருமாகச் சேர்ந்து விட்டார்கள். ஜரிகை இழை ஒன்று மாப்பிள்ளை விரலில் சுற்றிக்கொண்டது, அவள் எடுத்துவிட்டாள்.

அந்த வயதான பட்டரைத் தேடினேன். அன்று வேறொருவர் முறை. சந்நிதியில் தாயாரை மடியில் வைத்திருக்கும் வராகரைப் பார்த்து, அதே கேள்வியைத்தான் கேட்டேன். என் நினைந்திருந்தாய்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை மல்லிகை இரண்டு முழம் வாங்கி, காலியான மஞ்சள் பையில் போட்டு என்னிடம் தந்தார். இந்த முறை மாப்பிள்ளையும் பின் இருக்கையில். காரில் ஏறியதும் மகள் கையை நீட்டினாள். ஒரு முழம் கிள்ளிக் கொடுத்தேன். கோவளம் திரும்பும்வரை அவள் தலை அவர் தோளில் இருந்தது. புதன்கிழமை இரவு அவருக்கு விமானம்.