எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை விட முக்கியமான கேள்வி

சென்ட் பற்றி யாரிடம் பேசினாலும் முதலில் வரும் கேள்வி, "எவ்வளவு நேரம் நிக்கும்?" புதுச்சேரி வெயிலுக்கும் கடல் ஈரத்துக்கும் அது நியாயமான கேள்விதான், காலையில் அடித்தது ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் வேர்வையோடு போய்விடுமோ என்ற கவலை இங்கே எல்லோருக்கும் உண்டு. ஆனால் மிளகு, ஏலக்காய், கிராம்பு, சந்தனம், சிடார் என்று மசாலாவும் மரமும் கலந்த பெர்ஃபியூமை அந்தக் கேள்வியை மட்டும் வைத்து வாங்கினால் காசு வீண். கடைசியில் உடம்பில் தங்குவது எது என்று பாருங்கள்.

மிளகும் ஏலக்காயும் சீக்கிரம் பறந்துவிடும். கிராம்பு, பட்டை கொஞ்சம் தாங்கும். மரம்தான் அடியில் உட்கார்ந்து மணிக்கணக்காகக் கூட வருவது. நேரு வீதிக் கடையில் அட்டையில் அடித்து நீட்டும்போது நம்மை மயக்குவது மேலே இருக்கும் அந்த மசாலா, அதற்காகவே பர்ஸைத் திறக்கிறோம், அரை மணி நேரத்தில் அது போன பிறகு மீதி நாள் முழுக்க நாம் சுமப்பது வேறொரு வாசனை. அந்த வேறொன்றுக்குத்தான் நாம் உண்மையில் விலை கொடுக்கிறோம்.

இப்போது நீடிப்பு என்பது மலிவாகிவிட்டது. ஆம்பர்வுட் என்று சொல்லப்படும் செயற்கை மூலக்கூறுகளில் சில, துளி போட்டாலே துவைத்த சட்டையை விட்டும் வாசம் போகாது. விலை குறைந்த பாட்டில்கள் பலவற்றில் மரம் என்ற பெயரில் இருப்பது இவைதான். மூக்கின் மேல்பக்கம் ஊசி போலக் குத்தும், காய்ந்த வாடை. செயற்கை என்பதற்காக நான் குறை சொல்லவில்லை. ஐசோ ஈ சூப்பர் என்ற மூலக்கூறும் ஆய்வகத்தில் பிறந்ததுதான், ஆனால் சிடார் வாசனையை அது எவ்வளவு மென்மையாக்குகிறது! (சிலருக்கு அது மூக்கில் ஏறவே ஏறாது, அதனால் வீட்டில் இன்னொருவரையும் முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.) அளவு தெரிந்து போட்டிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

மரத்தின் தரத்தை எடைபோட நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு, தியாகவல்லி பக்கம் கடலோர மணலில் வெட்டிவேர் விளைகிறது. புல்லின் வேர்தான், ஆனால் பெர்ஃபியூமில் அதையும் மர வாசனையோடுதான் சேர்ப்பார்கள். தோண்டி எடுத்த வேரை ஒரு பிடி வாங்கி, தண்ணீர் தெளித்து முகர்ந்து பாருங்கள். ஈர மண், லேசான புகை, அடியில் பம்ப்ளிமாஸ் பழத்தின் மெல்லிய புளிப்பு, அப்புறம் மெதுவாக ஒரு இனிப்பு. இத்தனையும் ஒரே வேரில். இதை மனதில் பதிய வைத்துக்கொண்டு "வெட்டிவேர்" என்று பெட்டியில் எழுதியிருக்கும் எதையும் சோதிக்கலாம். வெறும் சோப்பு வாசம் மட்டும் வந்தால் அதற்குப் பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை.

பிரெஞ்சு நிறுவனமான எர்மேஸ் 2006இல் கொண்டுவந்த 'தேர் தெர்மேஸ்' பெர்ஃபியூம் எனக்கு அதனால்தான் பிடிக்கிறது. ழான் குளோத் எலெனா என்ற வாசனைக் கலைஞர் செய்தது. ஆரஞ்சில் தொடங்கி, மிளகு வழியாக, சிடாருக்கும் வெட்டிவேருக்கும் வந்து சேரும்போது எங்கேயும் தையல் தெரிவதில்லை, மூன்றாவது மணி நேரத்தில்கூட அந்த மண் வாசம் உயிரோடு இருக்கிறது. அதே எலெனா 1998இல் கார்த்தியே என்ற இன்னொரு பிரெஞ்சு நிறுவனத்துக்குச் செய்த 'தெக்லராசியோன்' ஏலக்காயும் சீரகமும் துணிச்சலாகப் பேசும் வாசனை. அதை நான் மார்கழி, தை மாதங்களுக்கு என்று வைத்திருக்கிறேன், அந்தக் குளிர்ச்சியில் அதன் மசாலா அழகாக விரியும்.

சோதிக்க ஏசி கடை சரியான இடம் இல்லை. மணிக்கட்டில் ஒரு ஸ்ப்ரே அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள், தேய்க்க வேண்டாம். கடற்கரைச் சாலை வரை வெயிலில் நடங்கள், சாப்பிடுங்கள், கூட்டமான கடலூர் பஸ்ஸில் ஏறுங்கள். சூட்டில் எல்லாம் வேகமாகக் கிளம்பும், ஏசியில் அடக்கமாக இருந்த வெனிலா இங்கே திகட்ட ஆரம்பிக்கும், பக்கத்து சீட்டுக்காரர் முகத்தைத் திருப்பினால் அதுவும் ஒரு பதில்தான். சாயங்காலம் மறுபடி முகருங்கள்.

விலைக்கு வருவோம். ஒரு ஸ்ப்ரே ஏறக்குறைய 0.1 மில்லி. 100 மில்லி பாட்டிலில் சுமார் 1,000 ஸ்ப்ரே. நாளுக்கு நாலு என்றால் 250 நாள். 9,000 ரூபாய் பாட்டில் என்றால் நாளுக்கு 36 ரூபாய், 1,800 ரூபாய் பாட்டில் என்றால் 7 ரூபாய் சொச்சம். விலை குறைந்ததை மத்தியானம் மறுபடி அடித்தாலும் கணக்கில் அதுதான் லாபம், இதில் ஏமாற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆகவே சாயங்காலத்து வாசனை இரண்டிலும் உங்களுக்கு ஒன்றுபோலத் தோன்றினால் மலிவானதையே வாங்குங்கள், சந்தோஷமாக. மணிக்கட்டை மறுபடி மறுபடி மூக்குக்குக் கொண்டுபோக வைப்பது விலை கூடியதாக இருந்தால் மட்டும், முதலில் 5 மில்லி டிகாண்ட் (பெரிய பாட்டிலிலிருந்து சின்னதில் ஊற்றித் தருவது) எடுத்து ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு முழு பாட்டிலுக்குப் போங்கள்.