கரவாஜியோவின் வெளிச்சத்தைத் தேர்வில் எழுதுவது எப்படி

கலை வரலாற்றுத் தாளில் பரோக் (17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கலைப் பாணி) ஓவியம் ஒன்றைக் கொடுத்து, ‘ஒளியும் உணர்ச்சியும் எவ்வாறு கையாளப்பட்டுள்ளன?’ என்று கேட்டால், பல விடைகள் ‘அற்புதமான ஒளி, ஆழமான உணர்ச்சி’ என்று தொடங்கி அதையே சுற்றிச்சுற்றி வரும். எனக்கு மதிப்பெண் வாங்கித் தந்தது வேறொரு பழக்கம். உணர்ச்சியைப் பற்றி உடனே பேசாமல், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, யார்மேல் விழுகிறது, அதற்கு அவர் என்ன செய்கிறார் என்று முதலில் எழுதுவேன். அதை ஒழுங்காக எழுதினால் உணர்ச்சி தானாக வந்துவிடும்.

இதை நான் பழகியது இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் ‘புனித மத்தேயுவின் அழைப்பு’ ஓவியத்தில். 1599–1600இல் வரையப்பட்டது. ரோமில் சான் லூயிஜி தேய் ஃபிரான்செசி தேவாலயத்தின் கொந்தரெல்லி சிற்றாலயத்தில், இடப்பக்கச் சுவரில் இருக்கிறது. இந்தச் சிற்றாலயத்துக்குப் பணம் விட்டுப்போன கர்தினாலின் பெயரும் மத்தேயோதான், அதாவது மத்தேயுவின் இத்தாலிய வடிவம். அதனால்தான் அங்கே மூன்று படமும் மத்தேயுவைப் பற்றியவை. இந்தத் தகவல்களுக்கு இரண்டு வரி போதும், நேரத்தை இங்கே செலவழிக்காதீர்கள்.

அடுத்து விவிலியத்தைத் திறந்து மத்தேயு 9:9ஐப் படியுங்கள். ஒரே வசனம். ஆயத்துறையில், அதாவது வரி வசூலிக்கும் இடத்தில், உட்கார்ந்திருந்த மத்தேயுவை இயேசு கண்டு ‘எனக்குப் பின்சென்று வா’ என்கிறார். அவன் எழுந்து போகிறான். இப்போது படத்தைப் பாருங்கள். மத்தேயு இன்னும் எழவில்லை. கூப்பிட்டதற்கும் எழுந்ததற்கும் நடுவில் இருக்கும் அந்த நொடியைத்தான் கரவாஜியோ வரைந்திருக்கிறார். விடையின் முதல் பத்தியிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். வசனத்தையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் எழுதியது என்று திருத்துபவருக்கு உடனே தெரியும்.

இனி வெளிச்சம். வலப்பக்கம், இயேசுவின் தலைக்கு மேலிருந்து அது சாய்வாகச் சுவரில் இறங்குகிறது. படத்தில் ஒரு ஜன்னல் இருந்தும் அதன் வழியாக வெளிச்சம் வரவில்லை. வருவது படத்துக்கு வெளியிலிருந்து. சிற்றாலயத்தின் உண்மையான ஜன்னலும் பீடத்துக்கு மேலே, அதே திசையில்தான் இருக்கிறது. இயேசுவின் முகத்தில் பாதி இருட்டு. நீட்டிய கை மட்டும் தெளிவு. சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் மைக்கலாஞ்சலோ வரைந்த ஆதாமின் கையைப் போலவே அதுவும் தளர்ந்து நிற்கிறது. மேசையைச் சுற்றி ஐந்து பேர். இறகுத் தொப்பி அணிந்த இளைஞர்கள் வெளிச்சத்தின் பக்கம் திரும்பிவிட்டார்கள். இடக்கோடியில் ஒருவன் குனிந்து காசைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவன் தலைக்கு மேலே மூக்குக்கண்ணாடி போட்ட முதியவரும் அந்தக் காசையே பார்க்கிறார். வெளிச்சம் அவர்கள்மேலும் விழத்தான் செய்கிறது. அவர்கள் நிமிரவில்லை. இந்தப் படத்தில் என் மனத்தை உலுக்கும் இடம் இதுதான். தேர்வில் ஒரு பத்தி முழுக்க இதற்கே கொடுப்பேன்.

எது மத்தேயு என்ற விவாதத்தையும் விடாதீர்கள். மேசையில் இருக்கும் தாடிக்காரர் விரலை நீட்டுவது தன்னையா, பக்கத்தில் குனிந்திருக்கும் இளைஞனையா? இரண்டு தரப்பையும் சொல்லி, ஒரு பக்கம் நின்று காரணம் எழுதுங்கள். என் சார்பு தாடிக்காரர் பக்கம். அதே சிற்றாலயத்தின் மற்ற இரண்டு படங்களிலும் மத்தேயு தாடியோடுதான் இருக்கிறார். இங்கே ஒரு கை ‘நானா?’ என்று கேட்கிறது, மற்றது இன்னும் மேசையில், காசுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அழைப்பு எட்டிவிட்டது, பழைய வாழ்க்கை இன்னும் கையை விட்டுப் போகவில்லை. இயேசுவோடு நிற்கும் சீடர் பேதுருவை ஓவியர் பிறகுதான் சேர்த்தார் என்பது எக்ஸ்-ரே ஆய்வில் தெரிந்தது. இடமிருந்தால் அதையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

இதே கேள்விகளைப் பிரெஞ்சு ஓவியர் ஜோர்ஜ் த லா தூரின் ‘தச்சர் புனித யோசேப்பு’ ஓவியத்திலும் கேட்டுப் பயிற்சி எடுங்கள். 1640களில் வரைந்தது, பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே ஒளி படத்துக்குள்ளேயே, சிறுவன் இயேசு பிடித்திருக்கும் மெழுகுவத்தியில் இருக்கிறது. சுடரை மறைக்கும் அவன் விரல்கள் ஒளி ஊடுருவிச் சிவந்து தெரிகின்றன. அதே வெளிச்சத்தில் யோசேப்பின் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றும் துலங்குகிறது. கரவாஜியோவிடம் வெளியிலிருந்து வந்து ஒருவனை எழுப்பும் ஒளி, லா தூரிடம் ஏன் ஒரு குழந்தையின் கையில் இருக்கிறது? இந்த ஒப்பீட்டைப் படத்தைப் பார்க்காமல் ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள்.