பிரேக்கர் எப்ப தூக்குவாங்க?

2020 ஏப்ரல் 7-ஆம் தேதி சிங்கப்பூரில் 'சர்க்யூட் பிரேக்கர்' ஆரம்பித்தது. கொரோனாவுக்காகப் போட்ட ஊரடங்குக்கு அரசு வைத்த பெயர் அது. நான் எலெக்ட்ரீஷியன். பிரேக்கர் என்றால் எனக்கு கரண்ட் சுவிட்சுகள் இருக்கும் டிபி பாக்ஸ்தான். எங்காவது ஷார்ட் ஆனால் ட்ரிப் ஆகும். பழுதைப் பார்த்துவிட்டு மறுபடி தூக்கி விட்டால் கரண்ட் வந்துவிடும். எங்கள் டார்ம் (வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதி) ரூமில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் அப்படித்தான் விளக்கினேன். "எப்ப தம்பி தூக்கி விடுவாங்க?" என்றார் மேல்கட்டில் அண்ணன். முழித்தேன்.

அதற்கு இரண்டு நாள் முன்பே பொங்கோலில் எஸ்11, தோ குவானில் வெஸ்ட்லைட், இரண்டு டார்மையும் அடைத்துவிட்டார்கள். கிட்டத்தட்ட 20,000 பேர் உள்ளே. அது எனக்குத் தெரிந்தது அங்கே இருந்த கூட்டாளி ஜன்னல் வழியாக எடுத்து அனுப்பிய வீடியோவில். அரசாங்கச் செய்தியை அப்புறம்தான் படித்தேன்.

செய்தி வராமல் இல்லை. தமிழ் அங்கே ஆட்சிமொழி, அதனால் அரசின் வாட்ஸ்அப் செய்தி தமிழிலேயே கிடைத்தது. ஆனால் அது மேடைத் தமிழ். 'தனிமைப்படுத்தும் ஆணை' என்று படித்தால் பாதிப் பேர் போலீஸ் கேஸ் என்று பயந்தார்கள். "குவாரண்டீன்பா" என்றதும் மூச்சு விட்டார்கள். கீழ்கட்டில் பங்களாதேஷ் தம்பிக்கு அதுவும் இல்லை, நாலு ஆட்சிமொழியில் வங்காளம் கிடையாதே. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் நான் சொல்வேன், அவன் அதை வங்காளமாக்கிப் பக்கத்து ரூமுக்குச் சொல்வான். அங்கே போய்ச் சேரும்போது அது என்ன செய்தியாக இருந்ததோ!

அப்படி உருமாறியதில் ஒன்று 750 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஒவ்வொரு ஒர்க் பர்மிட்டுக்கும் 750 வெள்ளி தள்ளுபடி என்று அரசு அறிவித்தது முதலாளிகளுக்கு, வெளிநாட்டு ஆளை வைத்திருப்பதற்காக அவர்கள் அரசுக்குக் கட்டும் லெவி தொடர்பாக. எங்கள் மாடிக்கு வரும்போது 'ஆளுக்கு 750 வெள்ளி கையில்' ஆகிவிட்டது. ஒருத்தர் வீட்டுக்குப் போன் போட்டே சொல்லிவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கை கழுவு, இடைவெளி விடு என்று பத்துத் தடவை வந்தது. இந்த மாசச் சம்பளம் உண்டா என்று நாங்கள் கேட்டதற்குத் தெளிவாக ஒரு வரி வரவில்லை. காலியாகக் கிடந்த இடத்தில் வதந்தி குடியேறியது.

நாங்கள் மட்டும் தினமும் இரண்டு வேளை எஃப்டபிள்யூ எம்ஓஎம்கேர் ஆப்பில் உடம்புச் சூட்டைப் பதிவு செய்து அரசுக்குத் தகவல் கொடுத்தோம். ஒருத்தர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு ரூமுக்கே 36.4 போட்ட நாளும் உண்டு.

டிசம்பரில் மனிதவள அமைச்சு கணக்குச் சொன்னது: டார்ம்களில் இருந்தவர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருக்கிறதாம். எங்கள் ரூமில் இருமல் வராத ஆள் யார் என்று எண்ணிப் பார்த்தோம்.

வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு எல்லாம் நிறம்தான். எஸ்ஜி ஒர்க்பாஸ் ஆப்பில் பச்சை என்றால் லாரி ஏறலாம், சிவப்பு என்றால் கட்டில். ஒரு நாள் விடியற்காலை ஷூ மாட்டிக்கொண்டு பார்க்கிறேன், சிவப்பு. சூப்பர்வைசருக்குப் போன் மேல் போன். மத்தியானம்தான் தெரிந்தது, பதினாலு நாளுக்கு ஒருமுறை எடுக்கும் ஸ்வாப் என்ற கொரோனா டெஸ்ட்டுக்கு என் பெயரைப் பதிய கம்பெனி மறந்திருந்தது. ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தேன். மேல்கட்டிலிலிருந்து அண்ணன் தலையை நீட்டினார்.

"என்ன தம்பி, மறுபடி ட்ரிப் ஆயிடுச்சா?"