பெர்ல் கேட்டது ஒன்று, இல்லாதது வேறொன்று

மண்டபத்தில் உள்ள விசைப்படகுச் சங்கம் ஒன்றின் டீசல் கணக்கையும் மீன் எடைக் கணக்கையும் பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட்டுகளால் ஓட்டிவந்த பழைய கணினி, உப்புக் காற்றில் துருவேறி நின்றுவிட்டது. எல்லாவற்றையும் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் உள்ள வாடகை சர்வருக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. ஜூன் 14-உடன் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போவதற்குள் கணக்கு ஓடியாக வேண்டும். கோப்புகளும் தரவுத்தளமும் சிக்கலின்றி இடம் மாறின. எக்செல் கோப்பு எழுதும் மாட்யூலும் (பெர்லுடன் சேர்த்துக்கொள்ளும் துணை நிரலும்) உடனே ஏறியது.

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு பெர்லை இணைக்கும் டிபிடி மாட்யூல்தான் படுத்தி எடுத்தது. சிபான் என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து பெர்ல் மாட்யூல்களை நிறுவும் சிபான்எம் கருவி திரையில் காட்டியது ‘நிறுவல் தோல்வி’ என்ற ஒற்றை வரி மட்டுமே. காரணம், நிறுவலின் பதிவுக் கோப்பான பில்ட் லாகின் நடுவில், மைஎஸ்க்யூஎல்-கான்ஃபிக் என்ற சிறு நிரல் கிடைக்கவில்லை என்ற வரியாகக் கிடந்தது. அதைத் தரும் டெவ் தொகுப்பை (மாட்யூலைக் கட்டத் தேவையான கோப்புகளை) டெபியனின் சொந்த நிறுவல் கருவியான ஏப்ட் வழியாக ஏற்றிய பிறகும், மாட்யூல் கம்பைல் ஆகவில்லை, அதாவது மூல நிரல் இயங்கும் வடிவுக்கு மாறவில்லை. டெபியன் அந்தத் தொகுப்பின் பெயரில் தருவது, மைஎஸ்க்யூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபியின் நூலகம். டிபிடி மாட்யூலின் 5-ஆம் வரிசைப் பதிப்புகளோ மைஎஸ்க்யூஎல்லின் சொந்த நூலகத்தை மட்டுமே ஏற்கும். சர்வர் நிறுவனத்தின் உதவிப் பிரிவு, மாட்யூல்கள் தங்கள் பொறுப்பல்ல என்று முதலில் கைகழுவியது. மீண்டும் எழுதியபோது, சிபானிலிருந்து மிகப் புதிய பதிப்பை நிறுவிப் பார்க்கச் சொன்னது. புதிய பதிப்பால் வந்த வினைக்கு அதுவே மருந்தாம்! டெபியனே கட்டித் தரும் 4.050 பதிப்பை ஏப்ட் மூலம் ஏற்றியதும், கம்பைல் வேலையே இல்லாமல் இணைப்பு கிடைத்துவிட்டது. ஆகவே எந்த மாட்யூலையும் முதலில் ஏப்ட்டில் தேடுங்கள். அங்கே இல்லாவிட்டால் மட்டும் சிபானுக்குப் போங்கள்.

அடுத்து, படகுப் பதிவு மாட்யூல் இல்லை, அதை நிறுவ வேண்டியிருக்கலாம் என்று பெர்ல் சொன்னது. அது சங்கத்துக்கென்று யாரோ எழுதிவைத்தது. சிபானில் ஆயுள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. கோப்பு ஸ்கிரிப்ட்டின் பக்கத்திலேயே இருந்தது. 2017-இல் வந்த பெர்ல் 5.26 முதல், நடப்புக் கோப்புறை, பெர்ல் மாட்யூல்களைத் தேடும் பாதையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. டெபியன் 12-இல் இருப்பது 5.36. ஃபைண்ட்பின் என்ற பெர்ல் மாட்யூலைக் கொண்டு ஸ்கிரிப்ட் இருக்கும் கோப்புறையைப் பாதையில் சேர்த்ததும் குறை தீர்ந்தது.

“தம்பி, நீங்க ஓட்டுனா ஓடுது, ராத்திரி தானா ஓட மாட்டேங்குதே” என்று சங்கக் கணக்கர் அண்ணன் கேட்டதற்கும் காரணம் இருந்தது. சிபான் வழியாக ஏறிய மாட்யூல்கள் என் ஹோம் கோப்புறைக்குள் இருந்தன. அந்தப் பாதையைச் சொல்வது, நான் கட்டளை தரும் பேஷ் நிரலின் அமைப்புக் கோப்பு. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் அதைப் படிப்பதில்லை. கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டேபின் தலைப்பிலேயே பெர்ல் நூலகப் பாதையை எழுதிய பிறகு, இரவு அறிக்கை தானாகவே வரத் தொடங்கியது. இதே வழியில் போகிறவர்கள், சூழல் மாறிகள் (இந்தப் பாதை போன்ற அமைப்புகள்) எதுவும் இல்லாமல் ஸ்கிரிப்ட்டை ஒரு முறை ஓட்டிப் பார்த்த பிறகே கிரானிடம் ஒப்படையுங்கள்.